மாடம்பாக்கத்தில் ஷூ தொங்கும் தெரு

தொண்ணூற்று ஐந்தாம் வருடம், பங்குனி மாதத்து ஞாயிறு. சைதாப்பேட்டையிலிருந்து மாடம்பாக்கம் வரை போய் வந்ததைப் பயணம் என்றால் சிலர் சிரிக்கலாம். புறநகரில் வீடு தேடுபவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. கணவரைப் பிரிந்து, ஒன்பதாவது படிக்கும் மகளோடு அண்ணன் வீட்டில் இருந்தேன். வாடகைக்கு வீடு கேட்டால் "கூட ஆம்பளை யாரு?" என்றார்கள். கேட்காதவர் மாடம்பாக்கத்து ரோஸ்லின் டீச்சர் ஒருவர்தான். அந்த ஞாயிறு மாலைக்குள் நான் பதில் சொல்லாவிட்டால் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்.

அண்ணன் முந்தின நாளே பார்த்துவிட்டு வந்தார். "தெருவுல ஒயருக்கு ஒயர் ஷூ தொங்குது. ரவுடிங்க எல்லை போட்டிருக்காங்க. வயசுப் பொண்ணை அங்கயா கூட்டிட்டுப் போவ?" நானே நேரில் பார்க்காமல் விடுவதாக இல்லை.

காலை 9.10க்கு மின்சார ரயில். முக்கால் மணி நேரத்தில் தாம்பரம். கிழக்குப் பக்கம் இறங்கி, இருபது நிமிடம் பஸ்ஸுக்கு நின்று, பொறுமை போய் ஆட்டோ பிடித்தேன். ஆறு கிலோமீட்டர், முப்பது ரூபாய்.

பாதி வழியில் டிரைவர் தெருப் பெயரைக் கேட்டார். சொன்னதும் வேகம் குறைந்தது.

"இன்னா மேடம், ஷூ தொங்கிகினு கீதே, அந்தத் தெருவா? பேஜாரான எடம். மொனையில எறக்கி வுட்டுர்றேன்."

"உங்களை யாராவது அடிச்சாங்களா?"

"அடிக்கல. அப்டி சொல்லிக்கிறாங்க."

"முப்பது ரூபாய் வாசலுக்குப் பேசினது. முனைக்கு இல்லை."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே ஓட்டினார். தெருவின் குறுக்கே மூன்று இடங்களில் கறுப்பு ஒயர். ஒவ்வொன்றிலும் லேஸால் முடிந்த பழைய பள்ளிக்கூட ஷூக்கள். டீச்சர் வீட்டு வாசலில் இறங்கினேன்.

டீச்சரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். சிரித்தார்.

"அது கேபிள் டிவி ஒயருங்க. செங்கல் லாரி வந்தா அறுத்துட்டுப் போயிடும். அதுவும் சரியா ஞாயித்துக்கிழமை படம் ஓடறப்போ! டிரைவர் கண்ணுல படட்டும்னு நாங்க நாலு பொம்பளைங்கதான் கட்டினோம்."

"துணி கட்டக் கூடாதா?"

"கட்டினோமே! சிவப்புத் துணி கட்டினா ஒரு கட்சிக்காரர் வந்து யாரைக் கேட்டு கட்டினீங்கன்னாரு. மஞ்சளுக்கு இன்னொருத்தர். பச்சைக்கு மூணாவது ஆள். ஷூவுக்குத்தான் கட்சி இல்ல."

"ரவுடித் தெருன்னு பேசிக்கிறாங்க."

"பேசட்டும். லாரி மெதுவா போகுதில்ல?"

அண்ணனும் ஆட்டோக்காரரும் மேலே பார்த்தார்கள், பயந்தார்கள். தெருவில் ஒருவரையும் கேட்கவில்லை. தனியாக வாழும் பெண் என்றதும் என்னைப் பற்றியும் வீட்டுக்காரர்கள் இப்படித்தான் வாசலில் நின்றே தீர்மானித்தார்கள். இனி அந்தத் தீர்மானங்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

இந்தப் பக்கம் வீடு பார்க்க வருபவர்கள் காலையிலேயே வாருங்கள். பதினொரு மணிக்குள் வந்தால் பழைய சிவன் கோயிலையும் பார்த்துவிடலாம், மதியம் நடை சாத்திவிடுவார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். மழைக்குத் தண்ணீர் எதுவரை வரும் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். தெருவைப் பற்றி அந்தத் தெருக்காரர்களையே கேளுங்கள்.

கிளம்பும் முன் கடை போனில் ஒரு ரூபாய் போட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"வீட்டை முடிச்சிட்டேன்."

"யாரைக் கேட்டு முடிச்ச?"

"என்னைக் கேட்டு."