கர்னாக்கில் கழற்றிய செருப்பு

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவருக்கு ராஜபாளையத்து நூல்மில் ஒன்றில் பஞ்சு வாங்கும் வேலை. எகிப்துப் பஞ்சைப் பார்த்துவர மில்லில் அனுப்பியபோது என்னையும் மூன்று வயது மகளையும் கூட்டிப்போனார். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் வழியனுப்பிய மாமியார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எந்த ஊரா இருந்தா என்ன, கோயில் கோயில்தான். செருப்போட மிதிச்சிராத. பிள்ளைக்கு ஆகாது."

எனக்கும் பயம் அது ஒன்றுதான். பிள்ளைக்கு எதுவும் வந்துவிடக் கூடாது. ஓட்டல் அறையில் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, இரண்டு பாட்டில்களில் நிரப்பித் தூக்கிக்கொண்டே அலைந்தேன்.

அங்கே கர்னாக் என்ற பழங்காலக் கோயிலைப் பார்க்கப் போனோம். வாசலில் ஆட்டுத்தலை வைத்த கல் சிங்கங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றின் காலடியில் என் செருப்பையும் மகளின் ஷூவையும் கழற்றி வைத்தேன்.

"ஏட்டி, பூசை நின்னு எம்புட்டு வருசமாச்சு! உள்ள சாமியுமில்ல, ஐயருமில்ல. யாருக்காகக் கழட்டுத?" என்றார் கணவர்.

"உங்க அம்மாவுக்காக."

அவர் ஷூவோடு நடந்தார். தரை தோசைக்கல்லாகக் காய்ந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தூணின் நிழலிலிருந்து அடுத்த தூணின் நிழலுக்குத் தாவினேன். வெள்ளைக்காரர்கள் தூண்களை விட்டுவிட்டு என்னைப் படமெடுத்தார்கள். கணவரோ, தாமே கொத்தனார் வைத்துக் கட்டியதுபோல விளக்கம் சொல்லிக்கொண்டு போனார். எதைக் காட்டினாலும் முடிவு ஒன்றுதான்: "நம்மூர்க் கோபுரத்து ஒசரம் வராது."

கை வலித்து மகளை இறக்கிவிட்டேன். அவள் மூக்குடைந்த ராஜா சிலையின் காலடியில் உட்கார்ந்து ஒன்றுக்குப் போய்விட்டாள்.

பதறிப்போய் ஒன்றரை பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கல்லைக் கழுவி, கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டேன். ஓடிவந்த காவலாளி ஈரக் கல்லையும் என் கூப்பிய கையையும் பார்த்தான். ஏதோ வழிபாடு என்று நினைத்திருக்க வேண்டும், மரியாதையாக விலகிப் போனான். அந்த வெயிலில் கல் தானாகவே காய்ந்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"காய்ச்சுன தண்ணிய கல்லுக்கு ஊத்திட்டு நிக்க! எனக்கு என்ன இருக்கு?" என்றார் கணவர்.

"அரை பாட்டில்தான் இருக்கு. அது பிள்ளைக்கு."

"வச்சுக்கோ. இது நம்மூர்க் கொளாத்தண்ணியில வளந்த ஒடம்பு." வாசல் குழாயில் கை நிறையப் பிடித்துக் குடித்தார். செருப்புகள் வைத்த இடத்திலேயே இருந்தன. நம்மூர்க் கோயிலில் இருந்திருக்காது.

பஞ்சைப் பார்க்க வந்தவர் அடுத்த மூன்று நாளும் குளியலறைக் கதவைத்தான் பார்த்தார். மகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

ஊர் திரும்பியதும் மாமியார் கேட்டார். "செருப்பக் கழட்டுனியளா?"

"நானும் பிள்ளையும் கழட்டினோம், அத்தை. அவுகதான் ஷூவோட…"

"அதான் பிள்ளைய ஒண்ணும் செய்யல. இவன வாட்டி எடுத்துட்டாரு, அந்த ஊர்ச் சாமி!"

குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லக் கணவர் வாயைத் திறந்தார். மகள் செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும் என்று மூடிக்கொண்டார்.

அந்த அரை பாட்டிலில் அவருக்கும் ஒரு மடக்கு கொடுத்திருக்கலாமோ என்று இன்றும் யோசிக்கிறேன். கொடுத்திருக்க மாட்டேன்.