மூடியச் செரியா மூடுங்க

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை பார்த்தேன். சளியைத் தட்டில் இட்டுக் கிருமி வளர்த்துப் பார்ப்பது என் வேலை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பஞ்சாலை. தட்டைத் திறந்தால் போதும், தூசியோடு பூஞ்சையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பச்சையாகப் பூத்திருந்தால் காற்றில் வந்தது என்று தூக்கிப் போடுவோம். யாரும் யோசித்ததில்லை. நானும்தான்.

சூலூரில் தறி ஓட்டிய ஒருவர் காய்ச்சலும் இருமலுமாக வந்து படுத்தார். மனைவியின் சிறுநீரகத்தை அவருக்கு வைத்து நாலு மாதம். அதை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிபி என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. சளி என்னிடம் வந்தது. டப்பாவை அவர் மனைவிதான் கொண்டுவருவார்.

டிபி கிருமி இல்லை. மூன்றாம் நாள் தட்டில் பச்சைப் பூஞ்சை. தூக்கிப் போட்டேன்.

"ஏனுங்க அம்மணி, ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"காத்துல வந்த பூஞ்சைதானுங்க. மறுக்கா கொண்டாங்க. மூடியச் செரியா மூடுங்க."

கொண்டுவந்தார். மறுபடியும் பச்சை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எத்தன தடவைங்க சொல்றது? ஒரு மூடி மூடத் தெரியாதுங்களா?" வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "தப்புத்தானுங்க அம்மணி, கோவிச்சுக்காதீங்க" என்றார். என்ன திமிர் எனக்கு!

மூன்றாவது டப்பாவின் மூடிமேல் துணி சுற்றி, தறி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். அவிழ்க்கவே நேரமானது. அதிலும் பச்சை. அப்போதுதான் யோசித்தேன். பெரிய டாக்டரிடம் ஓடினேன். அவர் சளியையே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கிளை கிளையாகப் பிரிந்த இழைகள்.

"இது காத்துல வந்ததில்லம்மா. அவரு நுரையீரலுக்குள்ள வளருது" என்றார்.

அதற்குள் பத்து நாள் போய்விட்டது. பூஞ்சைக்கான மருந்து ஏற ஆரம்பித்த இரண்டாம் நாள், ரத்தமாக இருமி இறந்துபோனார்.

உடலை வண்டியில் ஏற்றும்போது அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். அழவில்லை.

"ஏனுங்க அம்மணி, மொத டப்பாவ நா செரியா மூடியிருந்தா அவரு பொழச்சிருப்பாருங்களா?"

தட்டைத் தூக்கிப் போட்டது நான், உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

"போங்க, வண்டி நிக்குது" என்றேன்.

"செரிங்க அம்மணி" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.