காதுகுத்துக்கு முந்தின நாள் கழலாத ஃபில்டர்

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டியில் கை வைக்கக் கூடாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வைத்தேன், காரணம் பயம். மறுநாள் விடிகாலையில் கொமரலிங்கத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். அந்த மாமன் நான். போகிற வழியில் பைக் மக்கர் பண்ணிவிடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் ஆயில் மாற்ற உட்கார்ந்தேன்.

தங்கையும் நானும் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் வார்த்தை தடித்துவிட்டது. யார் ஆரம்பித்தது என்று கேட்டால் இரண்டு பேருமே எதிர்ப்பக்கம் விரலை நீட்டுவோம். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவளுக்கும் அதே மூக்குதான் வாய்த்திருக்கிறது. திடீரென்று ஒருநாள் அவள் கணவர் மட்டும் வெற்றிலை பாக்கோடு வந்து அழைத்தார். "மாமன் மடியிலதான் குத்தோணும்னு நிக்கறாளுங்க" என்றார். போகாவிட்டால் அதோடு உறவு முடிந்தது என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கே விளங்கியது.

பழைய ஆயிலை வடித்தாயிற்று. அடுத்தது ஃபில்டர். என் வண்டியில் அது எஞ்சினுக்கு முன்னால் ஒரு சின்னத் தகர டப்பா மாதிரி நிற்கும். கையால் திருகினாலே கழன்று வர வேண்டும். வரவில்லை. துணியைச் சுற்றித் திருகினேன், உப்புத்தாளைச் சுற்றித் திருகினேன். உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம். டப்பா முழுக்க எண்ணெய் வழிந்து, எதைச் சுற்றினாலும் வழுக்கியது.

ஞாயிறு என்பதால் ஒர்க்‌ஷாப் எல்லாம் பூட்டு. விடிகாலை முகூர்த்தத்துக்குப் பஸ் போய்ச் சேராது. முகூர்த்த நாள் வந்தால் வாடகைக் கார்க்காரர்கள் போனையே எடுப்பதில்லை. அன்று சாயங்காலமே போய் அவள் வீட்டில் தங்கலாம்தான். அந்த அளவுக்கு மனசு இன்னும் ஆறவில்லை. இரவல் வண்டியில் போய் இறங்க என் வீம்பு விடவில்லை. ஆயில் இல்லாத எஞ்சினோடு வண்டி நிற்க, அதன் முன்னால் நான் குந்தியிருந்தேன்.

என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். நான் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன்.

"போன தடவெ மாட்டறப்ப ரப்பர் வளையத்துல எண்ணெ தடவி உங்கிட்டத்தானே குடுத்தேன்?" என்று கேட்டேன். புது ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதில் எண்ணெய் பூசி மாட்டாவிட்டால் ரப்பர் எஞ்சினோடு ஒட்டிக்கொள்ளும்.

"ஆமாங்க. நாந்தான் தொடச்சுக் குடுத்தேன்."

"தொடச்சியா? ஏன்?"

"எண்ணெயா இருந்துச்சுங்களே."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாள் முழுக்க வெளிச்சத்துக்குக் கீழே பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள். கடுகளவு எண்ணெய்க்கறை இருந்தாலும் பீஸ் ரிஜக்ட். எண்ணெயைக் கண்டால் அவள் கை தானாகத் துணியைத் தேடும். இந்த நியாயமெல்லாம் எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. கண்டபடி கத்தினேன். கத்திக்கொண்டே சுத்தியலையும் திருப்புளியையும் எடுத்தேன், டப்பாவைக் குத்தி ஓட்டை போட்டு நெம்பிவிடலாம் என்று.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தகரம் கிழிஞ்சுதுன்னா அப்பறம் புடிக்கறதுக்கே ஒண்ணும் இருக்காதுங்க. செத்த தள்ளுங்க."

பதிலுக்கு அவளும் கத்தியிருக்கலாம், கத்தவில்லை. பனியன் வேஸ்ட் துணியை ஒரு கை அள்ளி வந்து உட்கார்ந்தாள். ஃபில்டரைத் துடைத்தாள். துணி கறுக்கக் கறுக்கப் போட்டுவிட்டு வேறு எடுத்தாள். தகரத்தின் மடிப்பு, அடிப்பக்கம், விரல் போகாத இடுக்கு எல்லாம் துடைத்தாள். கடைசியாகத் துடைத்த துணியை வெயிலில் விரித்துப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது.

வறண்டு கிடந்த அந்தத் தகரத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மூளை வேலை செய்தது. நிட்டிங் மெஷினில் நூல் ஓட்டுகிற பெல்ட் ஒன்று, உள்பக்கம் பல் வைத்தது, தேய்ந்துபோனதென்று வீட்டுக்குக் கொண்டுவந்து துணி காயப்போடக் கட்டியிருந்தோம். அதை அவிழ்த்து ஃபில்டரில் சுற்றி, முனையை ஒரு கம்பியில் முறுக்கி இழுத்தேன். அவள் ஹேண்டில்பாரை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை வழுக்கவில்லை. பெல்ட் தகரத்தைக் கவ்வியது. 'டக்'கென்று ஒரு சத்தம். நான் பின்னால் சாய்ந்து விழுந்தேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

புது ஃபில்டருக்கு அவளே விரலை எண்ணெயில் தோய்த்து வளையத்தில் பூசினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "போதுங்களா, இன்னும் வேணுங்களா?" என்று கேட்டுக் கேட்டுப் பூசினாள். கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் பூசி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் இருட்டோடு கிளம்பினோம். ஃபில்டரில் கசிகிறதா என்று அடிக்கடி நிறுத்தி போன் வெளிச்சத்தில் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். அந்தச் சந்தேகத்திலேயே நேரம் போய்விட்டது. உடுமலை தாண்டும்போதே கிழக்கு வெளுத்துவிட்டது. கோயில் வாசலில் தங்கை நின்றிருந்தாள்.

"முகூர்த்தம் தாண்டிருச்சா?" என்றேன். அத்தனை நாளுக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"தாண்டுனாத் தாண்டட்டுமுங்ண்ணா. நீங்க வராம ஊசியெத் தொடக் கூடாதுன்னு ஆசாரிகிட்டச் சொல்லிட்டேன்" என்றாள். பிறகு என் நகங்களைப் பார்த்துவிட்டு, "எண்ணெக் கையோடதான் வருவீங்கன்னு நேத்தே நங்கையா போன்ல சொல்லிட்டாங்க" என்றாள்.

நங்கையா என்று அவள் சொன்னது தன் அண்ணியை, என் மனைவியை. நேற்று மட்டுமல்ல, நானும் தங்கையும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த காலம் முழுக்க அவர்கள் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். வெற்றிலை பாக்கு எங்கிருந்து புறப்பட்டது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவி எதுவும் தெரியாதவள் போலச் சீர்த்தட்டில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இவளுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று தோன்றியது.

குழந்தையை மடியில் உட்கார வைத்தார்கள். ஊசி ஏறியதும் வீறிட்டு என் மார்பில் முகத்தைப் புதைத்தாள். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அழுகை அடங்கி அவளைத் தூக்கியபோது, அந்த வெளிர்மஞ்சள் பட்டுப்பாவாடையில் என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. தங்கை பார்த்தாள். என் மனைவியும் பார்த்தாள். இருவரும் அதைத் துடைக்கப் போகவில்லை.