ஒரே ஒரு வாய்

கல்லுக்கு உயிர் இருக்கிறது என்று வாங்க வருகிறவர்களிடம் நாள் முழுக்கச் சொல்லிப் பிழைப்பவன் நான். ரோமாபுரியில், டைபர் ஆற்றங்கரையில் பளிங்குக்கடை. அதனால் இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பாவிட்டால் போங்கள். இதில் ஒரு சொல்கூட வியாபாரப் பேச்சு இல்லை.

என் தங்கை விபியாவின் ஒரே மகள் பெடிலா காய்ச்சலில் போனாள். காய்ச்சல்காரருக்குத் தண்ணீர் ஆகாது என்றார் வைத்தியர். "அம்மா, ஒரே ஒரு வாய்" என்று கேட்டுக் கேட்டே குழந்தை அடங்கியது. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள் விபியா.

செத்தவர்களைத் தெய்வமாகச் செதுக்கி வைப்பது எங்கள் வழக்கம். உடம்பு டயானா தேவியுடையது, முகம் நம் பிள்ளையுடையது. முழுச்சிலைக்கு வசதியில்லை. என் கடைக் கல்லில் தலை மட்டும் செய்து விபியா வீட்டில் வைத்துக்கொடுத்தேன்.

தினமும் உச்சிவெயில் நேரத்தில் விபியா அதன் உதட்டில் தண்ணீர்க் குவளையை வைப்பாள்.

"டயானாவுக்கு எல்லாரும் ஒயின் ஊத்துவாங்க. நீ பச்சத்தண்ணி ஊத்துற. கோவிச்சுக்கப் போறா" என்றேன், அவளைச் சிரிக்கவைக்க.

"ஊத்தலண்ணா. குடிக்கிறா."

தரையைப் பார்த்தேன். ஈரமே இல்லை.

ஒருநாள் அவள் வெளியே போயிருந்தாள். நண்பகல். தெருவில் நாய்கூட இல்லை. சும்மாதான் அந்த நெற்றியைத் தொட்டேன். நிழலில் இருந்த பளிங்கு...

சுட்டது.

குவளையை உதட்டருகே பிடித்தேன்.

மடக்.

மடக்... மடக்...

குவளை காலி.

அன்றிலிருந்து அவள் இல்லாத நாட்களில் நான் கொடுத்தேன்.

கல் ஏற்ற ஓஸ்தியா துறைமுகம் போய்த் திரும்பினால், தலையைக் காணோம். விபியாவின் புருஷன் ஹெர்மியாஸ் அதைச் சுண்ணாம்புச் சூளைக்குக் கொடுத்துவிட்டான்.

"பொண்டாட்டியாவது மிஞ்சட்டும்னுதான் மச்சான்..." அழுதான்.

"தூக்கிட்டு வந்துருண்ணா" என்றாள் விபியா. "நெருப்புல போட்டுருக்காங்க. தண்ணி கேப்பா."

ஓடினேன்.

சூளையில் நெருப்பு அணைந்திருந்தது. வெந்த பளிங்கைக் குழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். சீறும், பொங்கும், மாவாக உதிரும். சூளைக்காரன் குடத்தோடு நின்றிருந்தான். முகத்தில் ரத்தமில்லை.

"மத்த கல்லெல்லாம் பொங்கி அடங்கிருச்சு அய்யா. இந்தத் தலை மட்டும்... உதிரல. சீறல. ஊத்த ஊத்தக் குடிக்குது. காலையிலேருந்து ஆத்துத் தண்ணிய சுமக்குறேன்."

குழியைப் பார்த்தேன். மூக்கு, கன்னம், உதடு எல்லாம் அப்படியே.

குழி காய்ந்து கிடந்தது.

பின்னாலேயே விபியா வந்திருந்தாள். அழவில்லை. அவன் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு...

ஆற்றைப் பார்த்து நடந்தாள்.