கேட்டதையே கேட்டவர்

பெங்களூரில் மாலைக் கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், பொம்மனஹள்ளியில் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுபவர். முப்பது வயதிருக்கும்; விரலிடுக்கில் எப்போதும் கிரீஸ் இருக்கும். பாடத்தை முன்பே படித்துவிட்டு வந்து, முதல் பெஞ்சில் அமர்ந்து கேள்வி கேட்டபடியே இருப்பார்.

ஒருநாள் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே சொன்னதையே அவர் மறுபடி கேட்டார். வகுப்பே சிரித்தது.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: “மெஷின் சத்தத்துல காது போயிடுச்சு தம்பி. சார் வாயைப் பாத்துதான் புரிஞ்சிக்கறேன். முன்னாடியே படிக்கலன்னா அதுவும் புரியாது. கம்பெனி ஆளுங்க இங்கயும் படிக்கிறாங்க. தெரிஞ்சா வேலை போயிடும். யார்கிட்டயும் சொல்லிடாதப்பா.”

மறுவாரமும் அப்படித்தான் கேட்டார். “கிண்டலா? வெளியே போ!” என்றார் ஆசிரியர், திரும்பாமலேயே. என் பக்கத்திலிருந்தவரோ பேனாவைத் திறந்து பதிலுக்குக் காத்திருந்தார். நான்தான் தோளைத் தொட்டு வாசலைக் காட்டினேன்.

அதன்பின் அவர் வரவில்லை. அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.