சென்றியில் ஊதிய ட்ரம்பெட்

குருநகர் சிமியோன் பாண்ட் வாசித்தே யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுற்றியவர். கோயில் திருநாள், கலியாணம், சாவீடு என்று எங்கே கூப்பிட்டாலும் ட்ரம்பெட் பெட்டியோடு புறப்பட்டுவிடுவார். ஒருமுறை நெடுந்தீவுத் திருநாளுக்குப் போய், கடல் கொந்தளித்ததால் மூன்று நாள் அங்கேயே தங்க நேர்ந்தது. பொழுது போகாமல் வெளியில் நின்று ஊதினாராம். மேய்ந்துகொண்டிருந்த குதிரைகள் காதை நிமிர்த்திக் கேட்டன என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

எண்பத்தெட்டாம் ஆண்டு, ஒரு சாவீட்டுக்குக் கொடிகாமம் போனவர் மறுநாள் காலை தனியாக பஸ்ஸில் திரும்பினார். வழியில் தெருவை மறித்து இந்திய ஆமியின் சென்றி, சோதனைக் காவலரண். எல்லோரையும் இறக்கி வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். சிமியோனின் பெட்டியைக் கண்டதும் ஒரு சிப்பாய் துவக்கை நீட்டினான். திறந்து காட்டினார். தலைப்பாகை கட்டிய அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஊதச் சொல்லிச் சைகை காட்டினார்.

வாய் காய்ந்திருந்தது. முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. பிறகு முதல்நாள் வாசித்த சாவீட்டு மெட்டே வந்தது. அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சிப்பாய்களும் சுற்றிக் கூடினார்கள். சோதனை அப்படியே நின்றுபோக, யாரோ கையசைத்து பஸ்ஸைப் போகவிட்டார்கள். சிமியோனை மட்டும் விடவில்லை. இன்னும் மூன்று பாட்டு வாசித்த பிறகு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள். தெருவால் சைக்கிளில் போனவர்கள் பார்க்க, மறுக்கப் பயந்து குடித்தார். மிச்ச வழியை நடந்தே வந்தார்.

அவர் வீடு சேருமுன் கதை வந்து சேர்ந்துவிட்டது.

“உவன் ஆமிக்குக் கச்சேரி வைச்சவன், தேத்தண்ணியும் குடிச்சவன்” என்று சந்தியில் பேசிக்கொண்டார்கள். அழைப்புகள் நின்றன. அந்தக் காலத்தில் அப்படியொரு பேச்சு இயக்கத்தின் காதில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. மனைவி திரேசம்மா அவரை வாசலுக்கும் போகவிடவில்லை. நாலு மாதம் பெட்டி திறக்கப்படவில்லை.

ஒருநாள் காலை வெள்ளைச் சேலை உடுத்த பெண் ஒருத்தி, தம்பியோடு சைக்கிளில் வந்து இறங்கினாள். பெயர் ஞானாம்பிகை, ஊர் கொடிகாமம்.

“அண்ணை, என்ரை மனுசன் மார்க்கண்டு செத்துப்போட்டார். நாளையிண்டைக்கு முப்பத்தோராம் நாள், அந்திரட்டி. நீங்கள் வந்து வாசிக்கவேணும்.”

“என்னைப் பற்றிக் கதைக்கிறது உங்களுக்குத் தெரியாதே, பிள்ளை?”

“தெரியும். அண்டைக்கு அந்த வரிசையிலை அவரைத் தாங்கிப் பிடிச்சுக்கொண்டு நானும் நிண்டனான். நீங்கள் ஊதினபடியால்தான் பஸ்ஸை விட்டவங்கள். இன்னும் சுணங்கியிருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க ஏலாது. அதுக்குப் பிறகு மூண்டு மாதம் இருந்தவர். உங்கடை வாசிப்பைப் பற்றித்தான் ஒரே கதை.”

சிமியோன் மூடிக் கிடந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். திரேசம்மாதான் “ஓம், வருவார்” என்றாள்.

அந்திரட்டி வீட்டில் அவரைக் கண்டதும் சிலர் முகத்தைத் திருப்பினார்கள். ஞானாம்பிகை எல்லோருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னாள். சிமியோன் எழுந்து நின்று வாசித்தார். இடையில் இரண்டு தடவை மூச்சுத் தடுமாறியது.

பிறகு அழைப்புகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. பக்கத்து ஒழுங்கை நீக்கிலாப்பிள்ளை மட்டும் அவரோடு கதைக்கவேயில்லை. அவருடைய மகனை ஆமி பிடித்துக்கொண்டுபோய் அப்போது ஆறு மாதமாகியிருந்தது. அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் சிமியோன் சைக்கிளை விட்டு இறங்கி, தலைகுனிந்து உருட்டிக்கொண்டு போவார்.