நேசபாய் ஆண்டவருக்கு விட்ட கோழி

“பருந்து வேதம் படிச்சிருக்கா, ட்டி? அது கண்ணுல பட்டதத் தூக்கினா நான் என்ன செய்ய?” என்று நேசபாய் என்மேல் சீறினாள்.

நான் கேட்டது இவ்வளவுதான். பதினொரு குஞ்சு மேய்கிற முற்றத்தில், பருந்து வருஷாவருஷம் ஆண்டவருடைய குஞ்சை மட்டும் தூக்குவது எப்படி?

தக்கலைக்கு மேற்கே எங்கள் ஊரில், கோழி குஞ்சு பொரித்தால் ஒன்றை ஆண்டவருக்கென்று சொல்லி வளர்ப்போம். அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்புப் பண்டிகையன்று வேதக்கோயில் முற்றத்தில் அதை ஏலம் விடுவார்கள். பெண்கள் கூட்டத்தில் நேசபாய் எழுந்து நின்று, எனக்கு ஒன்று போதாது, இரண்டு தருவேன் என்பாள். தந்ததே இல்லை. ஒரு வருஷம் சீக்கில் மூன்று கோழி செத்தன. மூன்றும் ஆண்டவருடையவையாம்.

என் அடுத்த வீட்டுக்காரிதான். கேட்டால் உப்புக்கல் தரமாட்டாள். கேட்காத நாளில் மீன்குழம்பை வேலிக்கு மேலே நீட்டுவாள். எனக்கு அவள் பிடிபட்டதே இல்லை.

கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுப் பெருமழையில் என் கூரை விழுந்தது. புருஷன் இல்லாதவள், யாரிடம் போவேன்? அந்த வருஷ ஏலக்காசில் எனக்கு ஓலை வேய்ந்து தருவதாகக் கோயில் உபதேசியார் சொன்னார். அதனால்தான் கோழிக்காக நேசபாயோடு சண்டைக்குப் போனேன். என் கூரையையும் பருந்து தூக்கிவிடக் கூடாதே.

பண்டிகையன்று அவள் கோழியோடு வந்தாள். குஞ்சு இல்லை, நாள் தவறாமல் முட்டையிடுகிற செவலைக் கோழி.

ஏலம் தொடங்கியதும் எங்கள் ஊர் ஜெபதாஸ் நான்கு சக்கரக் காசு என்றார். அவர் வீட்டுக்கு மருமகன் வந்திருந்தான். கோழி சட்டிக்குத்தான் போகும். உடனே நேசபாய் ஐந்து என்றாள். அவர் ஏற்ற, இவளும் ஏற்றினாள். இது உன் கோழிதானே அம்மா என்று உபதேசியார் நினைவுபடுத்தியும் அவள் நிறுத்தவில்லை. கடைசியில் ஜெபதாஸ் கையை உதறிவிட்டுப் போனார். நேசபாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து அங்கேயே காசைக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது, உனக்குப் பைத்தியமா என்று கேட்டேன்.

“குடுக்கணும்னுதாம்ட்டி கொண்டு வந்தேன். அது என் மொகத்தப் பாத்துட்டு நின்னுது.”

என் கூரைக்கு ஓலை வந்தது. அதன் கீழே படுத்துக்கொண்டு எத்தனையோ நாள் யோசித்தேன். அவள் கொடுத்தாளா, கொடுக்கவில்லையா? கோழி இன்னும் அவள் முற்றத்தில்தான் மேய்கிறது. சந்தையில் ஐந்து சக்கரம் பெறாத கோழி. அவள் கொடுத்த விலை பதினான்கு சக்கரம்.